துடைத்து வைத்த சில்லு

யோகநாதன் எழுதப் பழகியது தண்ணீர்க் கொப்பியில்தான். இரணைமடுக் குளத்திலிருந்து வட்டக்கச்சிப் பக்கம் வருகிற கிளை வாய்க்கால் ஒன்றுக்கு அவர் பொறுப்பு. காலையிலும் பின்னேரமும் சைக்கிளில் போவார். சக்கரம் மாதிரியான இரும்புச் சில்லைச் சுழற்றிக் கதவுகளைத் திறப்பார், மூடுவார். அளவு மரத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்துக் கொப்பியில் பதிவார். கொப்பியில் திகதி, நேரம், மட்டம், எந்தக் கதவு என்று கோடு போட்டிருக்கும். கடைசிக் கோட்டில் 'குறிப்பு' என்று ஓர் இடம். மற்ற வாய்க்கால்காரர் அந்த இடத்தில் 'வழமை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். யோகநாதனுக்கு அது வராது. 'இரண்டாம் கதவடியில் கொக்கு அதிகம்' என்று எழுதுவார். 'மருதமரத்தில் ஒரு கொப்பு முறிந்தது, காற்று இல்லை' என்று எழுதுவார்.

மாதக் கடைசியில் கொப்பியைப் பார்க்கிற பொறியியலாளர் ஒருமுறை சிவப்புப் பேனையால் கோடு கீறி, 'கொக்கு தேவையில்லை' என்று பக்கத்தில் எழுதியிருந்தார். யோகநாதனுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வதும் சரிதானே என்று நினைத்தார். அன்று பின்னேரம் கிளிநொச்சிக்குப் போனவர் மட்டை தடித்த ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கொக்கெல்லாம் அதற்குள் போயின. தண்ணீர்க் கொப்பியில் குறிப்பு என்ற இடத்தை வெறுமனே விட்டார்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். யோகநாதன் சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவர். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அலைந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வயலைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாய்க்கால் வேலைக்குப் போனார். ஒரே மகள் கிருசாந்தி கலியாணம் முடித்துப் புளியங்குளத்தில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி ஞானேஸ்வரியும்தான்.

எழுதுகிறதை முதலில் வாசிப்பது ஞானேஸ்வரி. அவர் வேறு கதை எதுவும் வாசிக்கிற ஆள் இல்லை. பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பார், புருசன் எழுதினதைப் பார்ப்பார். வாசித்து முடித்துவிட்டுக் கொப்பியை மூடி, "எல்லாத்தையும் சொல்லிப்போட்டியள்" என்பார். அது பாராட்டா குறையா என்று யோகநாதனுக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது.

உண்மையில் அவருடைய முதல் கதைகள் எல்லாவற்றிலும் கடைசிப் பந்தி ஒரே மாதிரி இருக்கும். நல்லவன் யார், கெட்டவன் யார், இதிலிருந்து நாங்கள் என்ன விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதித்தான் பேனையை வைப்பார். விட்டால் வாசிக்கிறவர் வேறெங்காவது போய்விடுவாரோ என்று பயம். பிறகு ஒருநாள் வாசிகசாலையில் எடுத்த ஒரு புத்தகத்தில் ஒரு சிறுகதை படித்தார். கதை சட்டென்று நின்றுவிட்டது. தாள் கிழிந்திருக்கிறதோ என்று தையலை விரித்துப் பார்த்தார். பக்க எண்கள் சரியாக இருந்தன. எழுதினவன் ஏமாற்றிப்போட்டான் என்று இரண்டு நாள் கோபமாகத் திரிந்தார். மூன்றாம் நாள் வாய்க்கால் கரையால் சைக்கிள் ஓடும்போதுதான் தெரிந்தது, இன்னமும் அந்தக் கதைக்குள்ளேயே நிற்கிறேன் என்று. எல்லாவற்றையும் சொல்லிய கதைகளில் ஒன்றுகூட மூன்று நாள் அவரோடு வந்ததில்லை.

அதற்குப் பிறகு எழுதியதுதான் 'வாய்க்கால் கதவு'.

கதை சின்னது. மழை பொய்த்த ஒரு சிறுபோகம், கோடையில் விதைக்கிற நெல். குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் மேல்வயலுக்கு இரண்டு நாள், வாய்க்கால் முடிகிற கடைப்பக்கத்துக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நெல் கதிர்விடக் குடலை தள்ளுகிற நேரம். மேல்வயலின் முறை நடக்கிற ஒரு விடியற்காலையில் காவல்காரன் வந்து பார்க்கிறான். கடைப்பக்கத்துக்குப் போகிற கதவு நாலு விரல்கடை திறந்திருக்கிறது. தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றிவரச் சேறு. ஆனால் கதவைச் சுழற்றுகிற சில்லில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. யாரோ கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். இன்னும் ஈரம் காயவில்லை. காவல்காரன் மேல்பக்கம் பார்க்கிறான், கீழ்ப்பக்கம் பார்க்கிறான். பிறகு சில்லில் கையை வைக்கிறான். அதோடு கதை முடிகிறது.

ஞானேஸ்வரி வாசித்துவிட்டு இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

பிரதேச செயலகத்தில் வருடா வருடம் பண்பாட்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவார்கள். யோகநாதன் கதையை அதற்குக் கொடுத்தார். ஒரு கிழமையில் கலாசார உத்தியோகத்தர் பிரியந்தினி தொலைபேசி எடுத்தாள். முப்பது வயதுப் பிள்ளை, மலருக்குப் பொறுப்பு அவள்தான்.

"கதை நல்லாயிருக்கு ஐயா. ஆனா முடிவைக் காணேல்லை. கடைசித் தாள் எங்கையும் தவறிப்போச்சோ?"

"இல்லைப் பிள்ளை, அவ்வளவுதான்."

"அப்ப ஆர் திறந்தது?"

"எழுதேல்லை."

"காவல்காரன் மூடினவனோ, விட்டவனோ?"

"அதுவும் எழுதேல்லை."

"எங்கடை ஆக்களுக்கு விளங்குமோ தெரியேல்லை ஐயா. ரெண்டு வரி போட்டுத் தாங்கோவன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

இரண்டு வரிதானே என்று யோகநாதன் கொப்பியோடு இருந்தார். முதலில், திறந்தவன் ஊரில் ஒரு பெரிய மனிதன் என்று எழுதினார். கதை உடனே மேலிடத்துக்கு எழுதுகிற முறைப்பாட்டுக் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. அதை வெட்டிவிட்டு, திறந்தது பயிர் காய்ந்துபோன ஓர் ஏழைப் பெண் என்று எழுதினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அவர் எழுதி அவருக்கே வந்த கண்ணீர், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னர் காய்ந்தும் போய்விட்டது. மூன்றாவதாக, காவல்காரன் கதவை இறுக்கி மூடினான் என்று எழுதினார். அவன் சந்தியில் நிற்கிற சிலை மாதிரி ஆகிவிட்டான்.

எதை எழுதினாலும் அந்தச் சில்லுத்தான் கெட்டுப்போனது. பெரிய மனிதன் என்று வைத்தால், துடைத்தது தடயத்தை அழிக்க. ஏழைப் பெண் என்று வைத்தால், துடைத்தது ஒரு மரியாதை. இரண்டில் ஒன்றைச் சொன்னால் மற்றது செத்துவிடுகிறது. ஐந்து வருடத்துக்கு முன்னர் ஒரு விடியற்காலையில் அவர் உண்மையாகவே அந்தச் சில்லைப் பார்த்தபோது இரண்டும் உயிரோடு இருந்தன.

வியாழக்கிழமை பிரியந்தினிக்கு எடுத்தார். "பிள்ளை, அந்த ரெண்டு வரி வரேல்லை. ஏலாதெண்டால் கதையை விட்டுவிடுங்கோ, நான் குறை நினைக்க மாட்டன்."

மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது. "நான் நேற்று அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான் ஐயா. அம்மா சொல்லுறா, திறந்தது பொம்பிளையாம். ஆம்பிளை துடைக்க மாட்டானாம். நான் ஆம்பிளை எண்டுதான் நினைச்சிருந்தனான். சாப்பிட்டு முடியிறவரைக்கும் அதுதான் கதை. இருக்கட்டும், அப்பிடியே போடுறன்."

மலர் வந்தது. எழுதினவர்களுக்கு ஒவ்வொன்று, வாசிகசாலைக்கு ஒன்று, வயல்காரர்களின் கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கொடுத்தார்கள். யோகநாதனுடைய வாய்க்கால் அமைப்புக்குக் கொடுத்த பிரதியை அதன் தலைவர் சிவராசா வீட்டுக்குக் கொண்டுபோனார். கிட்ட வைத்து எழுத்து வாசிக்கக் கண் தெரியாது என்பதால் மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். அடுத்த நாள் காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் வாய்க்கால் கரையில் வந்து நின்றது. யோகநாதன் கதவடியில் பாசி எடுத்துக்கொண்டு நின்றார்.

"யோகநாதன், ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. அந்தக் கதையிலை வாற கள்ளன் நான்தானே?"

"என்னண்ணை நீங்கள். கள்ளன் எண்டு எங்கை எழுதியிருக்கு?"

"கை வைச்ச இடத்தைத் துடைச்சுப்போட்டுப் போறவன் கள்ளன் இல்லாமல் வேறை ஆரடா? அஞ்சு வருசத்துக்கு முந்தி, அந்தச் சிறுபோகத்திலை, ஆரோ கதவு திறந்ததெண்டு கதை அடிபட்டது. தலைவர்தான் தன்ரை மைத்துனன்ரை கடைப்பக்கத்து வயலுக்குத் திறந்துவிட்டவர் எண்டு ரெண்டுபேர் சொன்னவங்கள். எனக்குத் தெரியும். இப்ப நீ புத்தகத்திலை போட்டிருக்கிறாய்."

"நான் உங்களை நினைச்சு எழுதேல்லை அண்ணை."

"அப்ப ஆரை நினைச்சு எழுதினனீ?"

"ஒருத்தரையும் நினைக்கேல்லை."

சிவராசா நம்பவில்லை. நல்ல மனிதன்தான், அறுபத்தெட்டு வயதிலும் ஊர் வாய்க்காலுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர். ஆனால் பழி என்றால் அவருக்குப் பொறுக்காது. "ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கு. எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு ஆரெண்டு சொல்லு. இல்லையெண்டால் நான் இல்லையெண்டாவது சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மத்தியானம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஜெயந்தன் பிடித்துக்கொண்டான். கடைப்பக்கத்தில் புதிதாக வயல் செய்கிற இளம் பொடியன்.

"அண்ணை, எனக்குப் பிடிபட்டிட்டுது. திறந்தவன் காவல்காரன்தான்."

யோகநாதன் கோப்பையை வைத்துவிட்டார். "அவன் எப்பிடித் திறக்கிறது? அவன் வந்து பாக்கேக்கை திறந்திருக்கெல்லோ?"

"அது அவன் சொல்லுற கதை. களவாத் திறக்கிறவன் அவசரத்திலை எத்தினை சுத்தெண்டு பாக்காமல் சுழட்டுவான். இது அளந்து நாலு விரல்கடை. அளந்து திறக்கத் தெரிஞ்சவன் ஆர்? தன்ரை சில்லைத் துடைச்சு வைக்கிற ஆள் ஆர்? யோசிச்சுப் பாருங்கோ."

யோகநாதன் வீட்டுக்கு வந்து தன் கதையைத் தானே எடுத்து வாசித்தார். ஜெயந்தன் சொன்னபடி வாசித்தாலும் ஒரு சொல்கூட இடிக்கவில்லை. யாரோ எழுதிய கதையை வாசிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கமலாசனி வந்தார். கடைப்பக்கத்தில் கடைசி வயல் அவருடையது. புருசன் ஐயாத்துரை இறந்து இரண்டு வருடம். கையில் கொஞ்சம் முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தார். ஞானேஸ்வரி கதிரை எடுத்துப் போட்டார். கமலாசனி இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முருங்கை இந்தமுறை நல்லாகக் காய்த்திருக்கிறதென்று கதைத்து, பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"உங்கடை கதையை வாசிகசாலையிலை இருந்து வாசிச்சனான் தம்பி. ரெண்டு தரம்."

"ஓம் அக்கா."

"அது என்ரை மனுசனோ?"

கமலாசனி அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனார்.

"அந்தச் சிறுபோகம் எங்கடை வயல் வெடிச்சுப்போய்க் கிடந்தது. முறை வர இன்னும் ரெண்டு நாள். போய் ஆரையும் கேளுங்கோ, ஏதாவது செய்யுங்கோ எண்டு நான் இந்தாளைப் பிடிச்சு உலுப்பினனான். முறை எண்டால் முறைதான் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டார். எனக்கு விசர் வந்தது. ஊருக்கெல்லாம் ஞாயம் பாப்பியள், எனக்காக ஒருநாள் ஒரு பிழை செய்ய மாட்டியள் எண்டு பேசினனான். பேசிப்போட்டு ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லை. அடுத்த நாள் விடிய நான் எழும்பேக்கை ஆள் கிணத்தடியிலை கால் கழுவிக்கொண்டு நிண்டார். வயலுக்குப் போய்ப் பாத்தால் ஈரம். நான் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை. பயிர் தப்பிட்டுது."

"அக்கா..."

"அந்தாள் மண்வெட்டியைக் கழுவித் துடைக்காமல் கொட்டிலுக்குள்ளை கொண்டுவராது. இரவல் வாங்கின சாமான் எண்டால் ரெண்டு தரம் துடைக்கும். அதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறியள்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் கண்டனீங்களோ தம்பி?"

"இல்லை அக்கா. ஒருத்தரையும் காணேல்லை. சில்லைத்தான் கண்டனான்."

"துடைச்சிருந்தது உண்மையோ? இல்லாட்டிக் கதைக்காக எழுதினதோ?"

"உண்மை. ஈரமாயிருந்தது. சேறு ஒரு பொட்டும் இல்லை."

கமலாசனி தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். அவருடைய புருசன் களவெடுத்தான் என்று நினைக்கிறாரா, தனக்காக ஒரு பிழை செய்தான் என்று நினைக்கிறாரா என்று யோகநாதனால் பிடிக்க முடியவில்லை. இன்னும் எத்தனையோ பேர் கழுவித் துடைக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயில் வந்தது. சொல்லவில்லை. தெரியாத ஒன்றை ஆம் என்று சொல்லவும் கூடாது, இல்லை என்று சொல்லவும் கூடாது என்று மட்டும் அவருக்குப் பட்டது.

"அப்ப சரி" என்று சொல்லிக் கமலாசனி எழும்பினார். படலையடியில் நின்று, "நல்ல கதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஞானேஸ்வரி முருங்கைக்காயை எடுக்க வெளியே வந்தார். எடுத்தவர் உடனே போகவில்லை.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டோ? ஆர் திறந்ததெண்டு உங்களுக்குத் தெரியாது. தெரியாததை எழுதேல்லை. அது சரி. ஆனா அண்டைக்கு நீங்கள் மூடினனீங்களோ விட்டனீங்களோ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அதை ஏன் எழுதேல்லை? கதை நல்லா வரவேணும் எண்டோ, பயத்திலையோ?"

கேட்டுவிட்டு ஞானேஸ்வரி முருங்கைக்காயோடு குசினிக்குள் போனார்.

அன்று நடந்தது இதுதான். அந்தக் காலை யோகநாதன் சில்லில் கையை வைத்தார். மூடுவது அவர் கடமை. கீழே, கடைப்பக்கத்து வயல்களில் வெடிப்புக்குள் கால் போகிற அளவுக்கு நிலம் பிளந்திருந்தது அவருக்குத் தெரியும். மேல்வயல்காரர் அதே தண்ணீருக்காகக் காத்திருப்பதும் தெரியும். சுழற்றப் போன கை சுழற்றவில்லை. கையை எடுத்துவிட்டுப் போய் மருதமரத்தடியில் இருந்தார். ஒரு மணித்தியாலம் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி வந்து மூடினார். கொப்பியை எடுத்து நேரத்தையும் மட்டத்தையும் பிசகில்லாத மாதிரி எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் 'வழமை' என்று எழுதினார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு அவர் அந்தச் சொல்லை எழுதியது அன்றைக்குத்தான்.

காவல்காரன் கையை வைத்ததோடு கதையை நிறுத்தியபோது, கதை அந்த இடத்தில் தானாக நின்றதென்றுதான் அவர் நம்பியிருந்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் அங்கே நின்றதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. ஞானேஸ்வரி விரலை வைத்தது அந்த இடத்தில். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போய் வந்தார். கதையில் சொல்லாமல் விடுவது ஒன்று, கொப்பியில் சொல்லாமல் விடுவது வேறொன்று என்று கடைசியில் பிடிபட்டது. கதையை வாசிக்கிறவருக்கு அவர் ஒரு மணித்தியாலத் தண்ணீர் கடன்படவில்லை. மேல்வயல்காரருக்குக் கடன்பட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் மண்டபத்தில் நாற்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். விதை, உரம், யானை வேலி எல்லாம் கதைத்து முடிந்த பிறகு சிவராசா யோகநாதனைப் பார்த்தார். யோகநாதன் எழும்பினார்.

"கதையைப் பற்றித் தலைவர் கேட்டவர். கதையிலை ஆர் திறந்ததெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நான் இப்ப சொல்லப்போறது கதை இல்லை. அஞ்சு வருசத்துக்கு முந்தி, அந்தச் சிறுபோகத்திலை, மேல்வயல் முறையிலை கடைப்பக்கத்துக் கதவு திறந்திருந்தது உண்மை. ஆர் திறந்ததெண்டு அதுவும் எனக்குத் தெரியாது. தலைவர் எண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. ஆனா கண்ட உடனை நான் மூடேல்லை. ஒரு மணித்தியாலம் விட்டிட்டுத்தான் மூடினனான். கொப்பியிலை அதை எழுதவும் இல்லை. அது என்ரை பிழை. மேல்வயல் ஆக்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

முதலில் வாய் திறந்தது ஜெயந்தன். "நான் சொன்னனான்தானே, காவல்காரன்தான் எண்டு!"

"திறந்தது நானில்லை தம்பி."

"அதைத்தான் காவல்காரன் சொல்லுவான்" என்றான் ஜெயந்தன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மேல்வயல்காரர் ஒருவர் கோபமாக எழும்பினார். இன்னொருவர் அவரை இருத்தினார். சிவராசா நெற்றியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அந்தமுறை மேல்பக்கத்திலை என்ரை வயல்லை ஒரு மூலை முழுக்கச் சப்பி, நெல்லுக்குள்ளை ஒண்டுமில்லை" என்றார் மெதுவாக. "விதை சரியில்லை எண்டு விதை குடுத்தவனோடை சண்டை பிடிச்சு, இண்டைக்கும் அவனோடை கதைக்கிறதில்லை." பிறகு யோகநாதனை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மணித்தியாலம்தானோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப கதையிலை வாறவனும் ஒரு மணித்தியாலம் விட்டவனோ?"

"கதையிலை வாறவன் நானில்லை அண்ணை. அவன் சில்லிலை கையை வைச்சதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு அவன் செய்தது வாசிச்ச ஆக்களுக்குத்தான் தெரியும்."

"அதென்ன ஞாயம்? எழுதினவனுக்குத் தெரியாமல் எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சிவராசா கேட்டார். ஆனால் குரலில் முதலில் இருந்த சூடு இல்லை. பின்வரிசையில் இருந்த கமலாசனி சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்ததை யோகநாதன் கண்டார்.

கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எடுத்தார்கள். கதவுகளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டுத் திறப்பில் ஒன்று வாய்க்கால்காரரிடம், ஒன்று அமைப்பிடம். நடந்ததை நீர்ப்பாசன அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். யோகநாதன் தானே அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். ஒரு சொல்லும் மறைக்காமல், நேரத்தோடு, அரைப் பக்கத்தில் எழுதினார். அவர் எழுதியதில் மிகத் தெளிவான எழுத்து அதுதான் என்று ஞானேஸ்வரி சொன்னார்.

அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் வாய்க்காலிலிருந்து எடுத்துக் குளக்கட்டில் பற்றை வெட்டுகிற ஆட்களோடு போட்டார்கள். யோகநாதன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கட்டின் மேலே நின்றால் ஒருபக்கம் தண்ணீரும் தோணிகளும், மறுபக்கம் வயல்வெளியும் தெரியும். காற்றும் நல்லது. முதுகுதான் நொந்தது.

இரண்டாம் மாதம் ஒருநாள் சிவராசாவின் மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் ஏறி வந்தது. அலுவலகத்துக்கு வந்த வழியில் வந்தாராம். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தார்.

"மருமோளிட்டைச் சொல்லி இன்னுமொருக்கா வாசிப்பிச்சனான்" என்றார்.

"எதை அண்ணை?"

"வேறை எதை? உன்ரை கதையைத்தான். நாங்கள் எல்லாரும் பிழையா யோசிச்சிருக்கிறம். அது ஒரு ஆள் இல்லை, ரெண்டு பேர். ஒருத்தன் திறந்திட்டுப் போயிட்டான், சேத்துக் கையோடை. பின்னாலை வந்த இன்னொருத்தன் அதைக் கண்டவன். மூடேல்லை. ஆரெண்டு பிடிபடக் கூடாதெண்டு துடைச்சுவிட்டிட்டுப் போயிட்டான். அதுதான் ஈரம் காயேல்லை."

யோகநாதன் கத்தியை நிலத்தில் ஊன்றினார். ஐந்து வருடமாக அந்தச் சில்லை அவர் மனதுக்குள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். இரண்டு கை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கதைக்கும் அது பொருந்தியது. நடந்ததற்கும் பொருந்தியது.

"அப்பிடியும் இருக்கலாம் அண்ணை."

"இருக்கலாம் இல்லை, அப்பிடித்தான்" என்றார் சிவராசா. போகும்போது, விதைக்காரனோடு கதைத்துவிட்டேன், அவன் முதலில் முகத்தைத் திருப்பினான், பிறகு தேத்தண்ணி தந்தான் என்றும் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்து யோகநாதன் பழைய வாய்க்காலுக்கே திரும்பினார். கதவுகளுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். காலபோகம் மழையோடு தொடங்கியது. அந்த மாரியில் அவர் இன்னொரு கதை எழுதினார். வாய்க்காலில் விழுந்த ஓர் எருமையின் கதை. ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுக்கிறது, எருமை செத்துப்போகிறது. செத்ததென்றே எழுதினார். சொந்தக்காரன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான் என்றும் எழுதினார். எதையும் மறைக்கவில்லை. மலருக்கு அனுப்பினார்.

பிரியந்தினி தொலைபேசி எடுத்தபோது அவர் கரையால் வந்துகொண்டிருந்தார்.

"இந்தமுறை முடிவு இருக்கே ஐயா!"

"ஓம் பிள்ளை. எருமை செத்ததைச் செத்ததெண்டுதான் எழுத வேணும். அதிலை ஒளிக்க ஒண்டுமில்லை."

"அம்மாவுக்கு வாசிச்சனான். அவா கேக்கிறா, அந்த மனுசன் பிறகு வேறை எருமை வாங்கினவரோ எண்டு."

யோகநாதன் சைக்கிளை நிறுத்தினார். அதை அவர் யோசிக்கவேயில்லை.

"அம்மா என்ன சொல்லுறா?"

"வாங்கியிருக்க மாட்டாராம். கயித்தைச் சுருட்டின விதத்திலை தெரியுதாம். நான் சொல்லுறன், கயித்தைக் கொண்டுபோறதே இன்னொண்டு கட்டத்தானே எண்டு. பக்கத்திலைதான் நிக்கிறா, குடுக்கட்டோ?"

"குடுங்கோ" என்றார் யோகநாதன். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, ஈரம் பாராமல் புல்லில் இருந்தார்.